அமெரிக்க ஓவியரும் கொங்குநாட்டுக் கைவினையும்

1929-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பங்கு வாணிகம் நிலைகுலைந்தது. 1933-இல் அந்நாட்டு உழைப்பாளருள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் வேலையற்றிருந்தனர். அக்காலத்தே நம் நாட்டிலும் விளைபொருள்களின் விலை வீழ்ந்து குடியானவர் இடருற்றனர். 1932-இல் பைக்காரா மின்விசை வந்து கோவையில் ஆலைகள் பெருகியமையாற் சிலர் பிழைத்தனர்.

அமெரிக்க அரசினர் வறியார்க்கு வேலை தருங்கால் ஓவியரையும் மறந்திலர். 1935-இல் 'அமெரிக்க வடிவமைப்புச் சுட்டி' என்னும் பணி தொடங்கிற்று. நூற்றுக்கணக்கான ஓவியர் அரசினரிடம் கூலி பெற்று, ஒட்டுத்துணிப் போர்வை, மண்கலம், மரப்பதுமை, காற்றின் திசை காட்டும் உலோகச் சேவல் முதலிய பழம்பொருள்களை நீர்வண்ணத்தால் உள்ளவாறே எழுதினர். நைந்த இழையும் கலத்தின் கீறலும் தோன்ற எழுதுதல் வேண்டும். வண்ண நிழற்படம் அந்நாளிற் செலவு மிக்கதாய், நிறம் நில்லாததாய் இருந்தமையின் தூரிகையே தக்கதாயிற்று. 1942-இல் பணி நின்றபோது ஏறத்தாழ 18,000 ஓவியங்கள் சேர்ந்திருந்தன. அவை இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளன. அந்நாட்டுப் பழங்குடியினரின் கைவினையை அதிற் சேர்த்திலர். அது பெருங்குறையே என்போம் நாம்.

இப்பணியைத் தோற்றுவித்தாருள் ஒருவர் ரூத் ரீவ்ஸ் என்னும் அம்மையார். துணிக்கு உரு வரைவதில் வல்லவர். இவரே 1956-இல் இந்தியா போந்து, பல்லாண்டு தங்கி, குடிமதிப்புத் தலைமை அலுவலர்க்குக் கைவினைத்துறை அறிவுரைஞராயும் இருந்து, 1966-இற் புதுதில்லியிற் காலமானார் என்பதை அன்பர்கள் பலர் அறியார். 1961-ஆம் ஆண்டுக் குடிமதிப்பினர் தலை எண்ணுவதோடு நில்லாது, மாநிலந்தோறும் கைவினைகளை ஆராய்ந்து நூல்கள் வெளியிட்டனர். சென்னை மாநிலத்தில் அதனை நடத்தியவர் பி. கே. நம்பியார். அமெரிக்கர் பொருளை எழுதினர். இவர்களோ பொருளைச் செய்தவன் பெறுங் கூலியையும் அவன் வாழ்நிலையையுங் கூட எழுதினர். கைவினைஞன் வயிற்றையுங் கணக்கிலிட்ட முறையே சிறந்ததென்பது நம் துணிபு.

அந்நாளிற் கோவை மாவட்டத்துள் அடங்கியிருந்த பவானியின் ஜமக்காளத்தை அறியாதார் நம்முள் இலர். தடித்த பருத்தி நூலிற் பல நிறப் பட்டைகள் அமையக் கைத்தறியில் நெய்வது அது. புவிசார் குறியீடு பெற்ற பின்னரும் விசைத்தறிப் போலிகள் அதன் பெயரால் விலைபோகின்றன; மெய்யானதை நெய்வோர் அருகி வருகின்றனர். திருமணங்களிற் பெரியோர் அமர்ந்த ஜமக்காளம் இன்று நாற்காலிக்கு இடந்தந்து பரணேறிற்று. அனுப்பர்பாளையத்துப் பித்தளை அண்டாவோ எடைக்கு எடை பழையதாய் விலையாகின்றது.

அரசினர் ஓவியர் நம் வீட்டுப் பரணை நாடி வரப்போவதில்லை. ஆதலின் உறுப்பினர் தத்தம் இல்லத்துப் பழம்பொருளை விற்குமுன் அதன் நீள அகலங்களை அளந்து, பிள்ளைகளைக்கொண்டு படமெழுதுவித்து இவ்விதழுக்கு விடுக்க வேண்டுகின்றோம். செய்தவர் ஊரும் பெயருந் தெரியின் அவற்றையும் உடன் எழுதுக.