கடலில் போனவர்களுக்குக் கல்லறை எங்கே?

எங்கள் ஊர் இரணியல். கடற்கரை ஊர் கிடையாது. ஆனால் குளச்சல் பஸ் பிடித்தால் அரை மணி நேரத்துக்குள் கடல் வந்துவிடும். குளச்சல் கடற்கரையில் நிற்கும் தூணை இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். 1741-ல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சு கம்பெனிப் படையைத் தோற்கடித்ததன் நினைவாக நிற்கிற வெற்றித்தூண் அது. அந்தப் போரில் பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதி ஆனார். அவருடைய கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. மேலே தமிழிலும் லத்தீனிலும் கல்வெட்டு.

ஜெயித்தவருக்குத் தூண் இருக்கிறது. தோற்றுப் பிடிபட்டவருக்கும் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது. அதே கடலுக்குத் தினமும் போய், ஒருநாள் திரும்பி வராமல் போனவர்களுக்கு என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் படித்துப் பார்த்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடல் கிடைத்தவர்கள்

முதலில் நம் பக்கத்துச் சுனாமி நினைவிடங்கள். 2004 டிசம்பர் 26 அன்று குமரி மாவட்டக் கடற்கரையில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்கள்தான் மிக மோசமாக அடிபட்டன. கொட்டில்பாட்டில் மட்டும் 199 பேர். குளச்சலில் நானூறுக்கும் மேற்பட்டவர்களை ஒரே இடத்தில் அடக்கம் செய்தார்கள். தனித்தனிக் குழி தோண்ட ஆளும் இல்லை, நேரமும் இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் அங்கே திருப்பலி நடக்கும், மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். கன்னியாகுமரி கடற்கரையிலும் ஒரு நினைவுச்சின்னம் உண்டு. ஒரு கை அலையைத் தடுக்கும், இன்னொரு கை அணையாமல் விளக்கைப் பிடித்திருக்கும். டூர் போனவர்கள் முன்னால் நின்று போட்டோ எடுத்திருப்பீர்கள்.

இவர்களில் பெரும்பாலோர் கரையில் இருந்தவர்கள். கடல் ஊருக்குள் வந்து கொன்றது. எவ்வளவு கொடுமையாக இருந்தாலும் பலருடைய உடல் கிடைத்தது, அடக்கம் செய்ய ஒரு இடம் அமைந்தது. கடலுக்குள் போய்க் காணாமல் போனவர்கள் கதை வேறு. அங்கே புதைக்க எதுவும் கிடையாது. பெயர் ஒன்றுதான் மிச்சம்.

பெயரும் கல்லும்

இறந்தவருக்குக் கல் நடுவது நமக்குப் புதிது இல்லை. தொல்காப்பியமே நடுகல்லுக்குக் கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி வாழ்த்துவது வரை வரிசையாகச் சொல்கிறது. நடுகல்லில் வீரனின் பெயரும் அவன் செய்த காரியமும் இருக்கும். ஆனால் நம் நடுகற்களில் பெரும்பாலும் ஆநிரை மீட்டவர்கள், ஊருக்காகச் சண்டை போட்டவர்கள், புலியோடு மோதியவர்கள்தான். எல்லாம் நிலத்துச் சாவு. மும்பையில் போரிவலிக்குப் பக்கத்தில் எக்சர் என்ற இடத்தில் கப்பல்களும் துடுப்பு வரிசைகளுமாகக் கடல் போரைச் செதுக்கிய பழைய வீரக்கற்கள் இருக்கின்றன. ஆனால் அதுவும் போர்தான். மீன் பிடிக்கப் போய்ச் செத்தவனுக்கு யாரும் கல் செதுக்கவில்லை.

ஏட்டில் இருந்தவர்கள்

நவீன காலத்துக்கு வருவோம். குஜராத்துக்குத் தெற்கே டையூவில் ஐ.என்.எஸ். குக்ரி நினைவிடம் இருக்கிறது. 1971 டிசம்பர் 9 அன்று பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று குக்ரியை மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள், மொத்தம் 194 பேர். கப்பலின் தலைவர் கேப்டன் மகேந்திர நாத் முல்லாவும் கப்பலோடு போனார். அங்கே கடலைப் பார்த்த மாதிரி கண்ணாடிப் பெட்டிக்குள் கப்பலின் மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள்.

அந்த எண்ணை மறுபடியும் பாருங்கள்: 18, 176. ஒரு ஆள் கூட, ஒரு ஆள் குறைய என்ற பேச்சே இல்லை. எப்படி? கடற்படைக் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று ஏடு இருக்கிறது. சம்பளப் பட்டியல் இருக்கிறது. உடல் வராவிட்டாலும் பெயர் கரையிலேயே பத்திரமாக இருக்கிறது.

வணிகக் கப்பல்களிலும் கிட்டத்தட்ட இப்படித்தான். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் கப்பல்களில் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் வேலை பார்த்தார்கள். லஸ்கர் என்று அவர்களுக்குப் பெயர். நிலக்கரி அள்ளுவது, அடுப்பு எரிப்பது, தளம் கழுவுவது என்று கப்பலில் இருக்கிற கஷ்டமான வேலையெல்லாம் அவர்களுக்குத்தான். குண்டு பட்டால் கப்பலின் அடித்தளத்தில் இருப்பவன்தானே முதலில் போவான்? லண்டனில் டவர் ஹில் என்ற இடத்தில், கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத வணிகக் கப்பல் மாலுமிகளுக்கு 1928-ல் நினைவகம் திறந்தார்கள். முதல் போருக்கு மட்டும் சுமார் 12,000 பெயர்கள். இந்திய மாலுமிகளுக்கு பம்பாயில் தனி இடம். அங்கே மஸ்ஜித் பந்தர் பகுதி மாலுமிகள் இல்லத்தில் முதல் போரில் இறந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நினைவகம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் இறந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைப் புத்தகமாகவே எழுதி, ஒரு பிரதி மும்பையிலும் இன்னொன்று வங்கதேசத்துச் சிட்டகாங்கிலும் வைத்திருக்கிறார்கள்.

கொல்கத்தாவில் ஹூக்ளி நதிக்கரையில் 1924-ல் திறந்த லஸ்கர் நினைவகமும் உண்டு. வங்காளம், அசாம் பகுதிகளிலிருந்து போய் முதல் போரில் இறந்த 896 பேருக்கானது. நாலு பக்கமும் கப்பலின் முன்பகுதி நீட்டிக்கொண்டிருக்கும் கட்டடம். உயிரோடு இருந்தபோது அந்த லஸ்கர்களுக்குக் கிடைத்த சம்பளம் வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்தில் ஒரு சின்னப் பங்குதான். அப்படி நடத்தியவர்களிடமும் இறந்தவர்கள் 896 என்று கணக்கு இருந்தது. சம்பளம் குறைவாகக் கொடுத்தாலும் ஏட்டில் எழுதித்தானே கொடுக்க வேண்டும்!

டிக்கெட் கணக்கு

பயணிகள் விஷயத்துக்கு வந்தால் கணக்கு கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. தனுஷ்கோடி எல்லோருக்கும் தெரிந்த கதை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி, பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ம் எண் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் அலை அப்படியே இழுத்துக்கொண்டு போய்விட்டது. ரயிலில் இறந்தவர்கள் 115 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இன்னும் அதிகம் என்று அப்போதிருந்தே பேச்சு உண்டு. யோசித்துப் பாருங்கள். ஒருவர் இறந்தாரா என்பதற்கு சாட்சியே டிக்கெட் விற்ற கணக்குதான் என்றால், டிக்கெட் வாங்காதவர் அந்த ரயிலில் இருந்ததற்கே ஆதாரம் கிடையாது.

இன்னொரு கப்பல் எஸ்.எஸ். திலாவா. பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது 1942 நவம்பர் 23 அன்று ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கி மூழ்கியது. 958 பேரில் 280 பேர் இறந்தார்கள். போர்க்காலம், செய்தி அமுங்கிப்போனது. இறந்தவர்களுக்கான முதல் நினைவு நிகழ்ச்சி மும்பையில் நடந்தது 2022 நவம்பர் 23 அன்று. சரியாக 80 வருடம்!

கப்பலுக்கு ஒரு சட்டம், ஆளுக்கு ஒரு சட்டம்

நான் பி.காம் படிப்பதால் என் கண் போகிற இடம் இது. இன்சூரன்ஸ் பாடத்தில் கடல் காப்பீட்டுச் சட்டம், 1963 வரும். ஒரு கப்பல் காணாமல் போய், நியாயமான காலம் கடந்தும் எந்தத் தகவலும் இல்லை என்றால், அது முழு நஷ்டம் என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறது அந்தச் சட்டம். நியாயமான காலம் என்றால் இத்தனை வருடம் என்று கிடையாது. சூழ்நிலையைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

மனிதனுக்கு? இந்திய சாட்சியச் சட்டம், 1872-ன் 108-வது பிரிவு. ஒருவரைப் பற்றி, அவர் உயிரோடு இருந்தால் இயல்பாகத் தகவல் தெரிய வேண்டியவர்களுக்கு ஏழு வருடமாக எந்தத் தகவலும் இல்லை என்றால்தான், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர் அதை நிரூபிக்க வேண்டும். 2024 ஜூலையில் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியமும் இந்த ஏழு வருடத்தை அப்படியே வைத்திருக்கிறது. சட்டத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஓடிப்போனவர் திரும்பி வரலாம், சொத்துக்காகப் பொய் சொல்லலாம். ஆனால் நடுக்கடலில் புயலில் மாட்டிய ஆளுக்கும் அதே ஏழு வருடம் என்றால், அவர் மனைவி அதுவரை விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை. இறப்புச் சான்றிதழ் இல்லாமல் பேங்க் பணம் வராது, இன்சூரன்ஸ் வராது, வாரிசு சான்றிதழ் வராது.

லண்டன் லாயிட்ஸ் இன்சூரன்ஸ் சந்தையில் ஒரு மணி இருக்கிறது. 1799-ல் மூழ்கிய லூட்டின் என்ற கப்பலின் மணி. முன்பெல்லாம் கப்பல் மூழ்கிய செய்தி வந்தால் ஒரு தடவை அடித்தார்கள், வராது என்று நினைத்த கப்பல் வந்துசேர்ந்தால் இரண்டு தடவை அடித்தார்கள். பணம் போட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் தெரிய வேண்டும் என்பதற்காக. நம் கடற்கரை வீடுகளுக்கு அப்படி ஒரு மணி கிடையாது.

ஒக்கி

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் வந்த நாளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. உள்பக்கத்து ஊர்களில் இருந்த எங்களுக்கு அது சாய்ந்த ரப்பர் மரம், விழுந்த வாழைத்தோட்டம், நாள் கணக்கில் கரண்ட் இல்லாத வீடு. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி பக்கத்தில் அது வேறு. அங்கே ஆழ்கடல் மீன்பிடிப்புதான் தொழில். ஒருமுறை போனால் வாரக்கணக்கில் கடலிலேயே இருப்பார்கள். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் எப்போதோ கிளம்பிப் போயிருந்தார்கள். கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில் செல்போன் எடுக்காது.

புயல் போன பிறகு இன்னொரு சண்டை ஆரம்பித்தது. எத்தனை பேரைக் காணவில்லை? அரசு ஒரு எண் சொன்னது, மீனவர் அமைப்புகள் அதைவிடப் பெரிய எண்ணைச் சொன்னார்கள். எண் தினமும் மாறியது. சிலர் லட்சத்தீவிலும் மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் கரை சேர்ந்திருந்தார்கள். ஒரே படகில் நம் ஊர்க்காரரும் இருப்பார், வேறு மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவரும் இருப்பார். யார் எந்தப் படகில் ஏறினார் என்று அரசு ஏடு எதுவும் இல்லை. கடைசியில் பங்குக் கோவில்களில்தான் வீடு வீடாகக் கேட்டுப் பெயர்ப் பட்டியல் தயாரித்தார்கள்.

டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். எங்கள் இரணியல் ஸ்டேஷனும் அதே லைன்தான். ரயில் நின்றுபோனது. தேடுங்கள், இன்னும் தேடுங்கள் என்பதுதான் முக்கியமான கோரிக்கை. இழப்பீடு கேட்டு உட்கார்ந்தவர்கள் என்று அப்போது சிலர் பேசியதைக் கேட்டிருக்கிறேன். காணாமல் போனவர் காணாமல் போனார் என்பதை ஒத்துக்கொள்ள வைப்பதற்கே தண்டவாளத்தில் உட்கார வேண்டியிருந்தது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை.

பிறகு அரசு ஏழு வருடம் காத்திருக்க வைக்காமல் விதியைத் தளர்த்தி, காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. சுனாமி நேரத்திலும் இப்படித் தளர்த்தியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதற்கும் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும்.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது

அக்கவுண்ட்ஸில் வவுச்சர் இல்லாமல் என்ட்ரி கிடையாது. நினைவுச்சின்னத்துக்கும் அதுதான் விதி போலிருக்கிறது. கல் செதுக்குகிறவனுக்கு முன்னால் ஒருவர் நோட்டில் பெயர் எழுதியிருக்க வேண்டும். கடற்படைக்கு எழுத்தர் இருந்தார், கப்பல் கம்பெனிக்குச் சம்பள ஏடு இருந்தது, ரயில்வேக்கு டிக்கெட் கவுண்டர் இருந்தது. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் எதுவும் இல்லை. அதனால்தான் நூற்றாண்டுகளாக இந்தக் கடலில் போனவர்கள் வீட்டுக்குள் மாட்டிய ஒரு போட்டோவாகவும், வருடத்துக்கு ஒருமுறை பூசையில் வாசிக்கும் பெயராகவும் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள். அம்மாவும் மனைவியும் போன பிறகு அந்தப் பெயரை யார் கொடுப்பார்கள்?

ஒக்கிக்குப் பிறகு படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர், செயற்கைக்கோள் மூலம் எச்சரிக்கை என்று பேச்சும் வேலையும் நடந்திருக்கிறது. அது உயிரைக் காப்பாற்ற. அதோடு ஒவ்வொரு படகும் கிளம்பும்போது ஏறுகிற ஒவ்வொருவர் பெயரும், வெளிமாநிலத் தொழிலாளி பெயர் உட்பட, கரையில் ஒரு இடத்தில் எழுதி வைக்கப்பட வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு நோட்டும் பேனாவும் போதும். திரும்பி வந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

ஒக்கியில் போனவர்களுக்குச் சட்டம் சொல்லும் ஏழு வருடம் 2024 நவம்பர் 30-ஓடு முடிந்துவிட்டது. கோவில்களில் எழுதிய பட்டியல்கள் இப்போதும் எங்காவது அலமாரியில் இருக்கும். காகிதம் கரையானுக்குப் போவதற்கு முன் அந்தப் பெயர்களை ஒரே கல்லில் வெட்டி, பார்க்கிற இடத்தில் நிறுத்தலாம். கடற்கரை ஊர் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஊர்ப் பட்டியல் யாரிடம் இருக்கிறது என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.