ஜொகூர்ப் பாலமும் தலைவிதியும்

சிங்கப்பூரையும் ஜொகூரையும் பிணைக்கும் கடற்பாலத்தை ஒரு முறையேனும் கடவாத தமிழர் இந்நாட்டில் மிகச் சிலரே. பாலம் என்று நாம் வழங்கினாலும், உண்மையில் அது கடலைக் கருங்கல்லால் தூர்த்து எழுப்பிய அணையாகும். வேலை 1919ஆம் ஆண்டில் துவங்கிற்று. மரக்கலங்கள் போய்வருவதற்கென்று ஜொகூர்க் கரையோரமாகக் கதவுள்ள கால்வாய் ஒன்றை முதலில் கட்டினார்கள். 1920 ஏப்ரலில், கவர்னர் லாரன்ஸ் கில்மார்டும் சுல்தான் இப்ராஹிமும் கூடியிருக்க, நீரிணையில் முதற்கற்கள் கொட்டப்பட்டன. 1923 செப்டம்பரில் சரக்கு வண்டியும், அக்டோபர் முதல் தேதியில் பிரயாணிகள் வண்டியும் அதன்மேல் ஓடின. 1924 ஜூன் 28ஆம் நாள் திறப்பு விழா ஆடம்பரமாக நடந்தேறிற்று. அணையின் நீளம் 3,465 அடி. அகலம் 60 அடி. அது விழுங்கிய கல் ஏறத்தாழ 15 லட்சம் கன கஜம்.

இந்த எண்களைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். ஆனால் 15 லட்சம் கன கஜம் கல் தானாக நடந்துவந்து கடலில் விழவில்லை. புலாவ் ஊபின் தீவின் கல்மலையிலும் புக்கித் தீமா கல்மலையிலும் அதனை வெடிவைத்துப் பிளந்து, சம்மட்டியால் உடைத்து, கூடையிலும் தள்ளுவண்டியிலும் ஏற்றி, தொங்கான்களில் இழுத்துவந்து கொட்டியவர்கள் மனிதர்கள். இவ்வேலையில் 2,000 பேருக்கு மேல் ஈடுபட்டிருந்தனர். ஒப்பந்தம் எடுத்த டோப்பம், ஜோன்ஸ், ரெயில்டன் கம்பெனியின் பெயர் சரித்திரத்தில் நிலைத்துவிட்டது. அந்த 2,000 பேருடைய பெயர்களோ அந்நாளையச் சம்பளப் புத்தகத்தோடு முடிந்தன.

கல்மலை வேலை என்பது என்னவென்று அறியாதார் அறிந்துகொள்ளல் நன்று. பாறையில் துளையிட்டு மருந்து கெட்டித்துத் திரியைக் கொளுத்தியபின், பத்துத் துளைகளில் ஒன்பது வெடித்து ஒன்று வெடியாது நின்றுவிடுவதுண்டு. மறுநாள் காலையில் வேறொருவன் வந்து அந்தப் பழைய துளையிலேயே உளியை வைத்து அடிப்பான்; அவனுக்கு அதுவே கடைசி அடியாகும். வெடியால் ஆட்டங்கண்ட பாறை அப்பொழுது விழாமல், மழை நனைத்த பிறகு, அடியில் ஆட்கள் நிற்கும் வேளையில் பெயரும். இரண்டுக்கும் தப்பியவனைக் கல்தூசி விடாது. இருபது ஆண்டு அதனைச் சுவாசித்தவன் இருமி இருமியே மாள்வான். அதனைக் காசம் என்று சொல்லி அடக்கம் செய்துவிடுவார்கள். இம்மூன்றிலும் ஒன்றேனும் தெய்வத்தின் செயலா? வெடித்தவற்றை எண்ணிப் பார்த்து, வெடியாத துளைக்கு அடையாளமிட்டு ஒதுக்கிவிட்டால் முதலாவது இல்லை. ஆட்களை இறக்குமுன் பாறை முகத்தைத் தட்டிப் பார்த்துத் தளர்ந்ததைத் தள்ளிவிட்டால் இரண்டாவது இல்லை. தண்ணீர் தெளித்துக்கொண்டு துளையிட்டால் மூன்றாவது பெரும்பாலும் இல்லை. இவற்றுக்கு வேண்டியது சிறிது நேரமும் சிறிது பணமுமே. அந்த நேரமும் பணமும் யாருடையவை என்பதிலேதான் வழக்கெல்லாம் அடங்கியிருக்கிறது.

நம்மவரிடையே இதற்கு வேறொரு விளக்கம் இருந்தது. பெரிய கட்டடமோ பாலமோ எழும்பினால் அஸ்திவாரத்துக்கு மனிதத் தலை வேண்டும் என்னும் புரளி இந்நாட்டில் பலமுறை கிளம்பியதுண்டு. இந்தியக் கைதிகளைக் கொண்டு கட்டிய சிங்கப்பூர் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைப் பற்றியும் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அத்தகைய பேச்சு எழுந்து, ஜனங்கள் இருட்டிய பின் வீதியில் இறங்க அஞ்சினர். புரளி முழுப் பொய். ஆயினும், கட்டடம் எழும்பும் இடத்தில் மனிதன் சாகிறான் என்பதைக் கண்டறிந்த மூளையிலிருந்துதான் அது பிறந்திருக்க வேண்டும். சாவைக் கண்ட கண், அதன் காரணத்தைத் தேடாமல் பூதத்தைத் தேடிற்று. வேலைக்காட்டில் ஆள் விழுந்து இறந்தால் “அவன் தலையில் எழுதியது” என்று உறவினர் சொல்லி அழுவதும், ஒரு கோழியை அறுத்துவிட்டு மறுநாள் அதே சாரத்தில் அடுத்தவன் ஏறுவதும் இந்தச் சிந்தையின் தொடர்ச்சியே.

தலைவிதி பேசுகிறவன் படியாத கூலியாள் மட்டுமே என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். வெள்ளைக்காரச் சீமையின் நீதிபதிகளும் அதையே வேறு பாஷையில் பேசினார்கள். 1837ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், கசாப்புக்கடைக்காரர் ஒருவரின் வேலையாள், அளவுக்கு மீறிப் பாரமேற்றிய வண்டி முறிந்து தொடையெலும்பு ஒடிந்து, எஜமானர்மீது நஷ்டஈடு கோரினான். ஜூரிகள் 100 பவுன் கொடுக்கச் சொன்னார்கள். மேலே கேட்ட அபிங்கர் பிரபு அதனைத் தள்ளிவிட்டார். எஜமானருக்குத் தெரிந்த அளவு ஆபத்து வேலையாளுக்கும் தெரிந்திருக்கும்; காயம் நேருமென்று அஞ்சினால் அந்த வேலையைச் செய்ய மறுக்க அவனுக்கு உரிமையுண்டு; மறுக்காமல் செய்தானாதலால் ஆபத்தும் அவனைச் சேர்ந்தது என்பது அத்தீர்ப்பின் சாரம். அறுபது ஆண்டு இந்த நியாயமே அத்தேசத்துத் தொழிலாளியின் கழுத்தில் தொங்கிற்று. ஜெர்மனியில் 1884இல் விபத்து இன்ஷூரன்ஸ் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் 1897இல்தான், யார்மீது குற்றம் என்று கேளாமலே, வேலையில் காயமுற்றவனுக்கு முதலாளி ஈடு தரவேண்டுமென்று சட்டமாயிற்று.

“மறுக்க உரிமையுண்டு” என்ற அந்த வார்த்தையை மலாயாவில் வைத்துப் பார்ப்போம். கிம்மாசிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஏறக்குறைய 120 மைல் தூரம் காட்டையும் சதுப்பையும் ஊடுருவி ரயில்பாதை போட்ட காலம் 1904 முதல் 1909 வரை. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கும் முறை மலாயாவில் ஒழிந்ததோ 1910இல். அதாவது, ஜொகூரில் தண்டவாளம் இறங்கிய அந்த நாட்களில் மலாயாவின் ஒப்பந்தக் கூலியாள் வேலையை மறுத்தாலும் ஓடிப்போனாலும் அது குற்றம்; பிடித்துச் சிறையிலிடலாம். சீமையில் ‘நீ மறுக்கலாமே’ என்று சொல்லி ஈட்டை மறுத்தார்கள். அதே சாம்ராஜ்யத்தின் இந்த மூலையில் மறுத்தவனைக் கைது செய்தார்கள். இரண்டு நியாயமும் ஒரே கொடியின்கீழ் நடந்தன!

இன்னொரு தேதியையும் குறித்துக்கொள்க. ஜொகூர்ப் பாலத்தின் திறப்பு விழா 1924 ஜூன் 28. மூன்று நாள் கழித்து, ஜூலை முதல் தேதியில், இந்தியாவில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் அமுலுக்கு வந்தது. அன்று முதல் சென்னை ராஜதானியில் ரயில் வேலையிலோ தொழிற்சாலையிலோ கை இழந்தவன் சட்டப்படி கேட்கக்கூடியதை, கப்பலேறி இங்கு வந்த அவன் தம்பியால் கேட்க இயலவில்லை. மலாயாவில் அத்தகைய சட்டங்கள் பின்னரே சீமை சீமையாக வந்து சேர்ந்தன. கூட்டரசு முழுமைக்குமாக ஒரு சட்டம் பிறந்தது 1952இல்.

ஈடு கொடுப்பது வேறு, விபத்தைத் தடுப்பது வேறு என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியன்று. ஒரு உயிருக்கு முதலாளி பணம் எண்ணிவைக்க வேண்டிவரும்போதுதான் இறந்தவர்களை எண்ணும் வழக்கம் உண்டாகிறது. எண்ணத் தொடங்கினால்தான் காரணம் தென்படுகிறது. இதற்கு இந்நாட்டிலேயே சாட்சி உண்டு. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டவுடன் குளிர்காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று யோசித்தார்கள். கொசுவே அதற்குக் காரணமென்று ரொனால்ட் ராஸ் இந்தியாவில் 1897இல் கண்டறிந்திருந்தார். கிள்ளானில் டாக்டராயிருந்த மால்கம் வாட்சன் செத்தவர்களைக் கணக்கெடுத்து, சதுப்பை வடித்து, காட்டை அழித்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலுமாக 1901இல் மாண்டோர் 582, 1902இல் 144. பூசாரியை அழைத்து இந்தப் பலன் காணப்பட்டதாக எங்கும் நாம் படித்ததில்லை.

இது 1902இல் தெரிந்த பாடம். நாற்பது ஆண்டு கழித்து அது எப்படி மறக்கப்பட்டது என்பதை எழுதக் கை கூசுகிறது. 1942 ஜனவரி 31இல் பிரிட்டிஷார் பின்வாங்கும்போது ஜொகூர்ப் பாலத்தில் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தனர். ஜப்பானியர் படகுகளில் நீரிணையைக் கடந்து சிங்கப்பூரில் புகுந்து, பின்னர் அதனைச் செப்பனிட்டனர். அவ்வாண்டிலேயே சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில்பாதை துவக்கினர். 415 கிலோமீட்டர் நீளப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து அங்கு கொண்டுபோகப்பட்டோர் 70,000 பேருக்கு மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஜொகூர் உள்ளிட்ட தோட்டங்களின் தமிழர். அப்பாதையில் வெள்ளைக்கார யுத்தக் கைதிகளும் வேலை செய்தார்கள். உணவு இருவருக்கும் பஞ்சம். அடி இருவருக்கும் உண்டு. 1943இல் காலரா இருவரையும் தாக்கிற்று. ஆனால் கைதிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறக்க, தோட்டத்து ஜனங்கள் அதனினும் மிகக் கூடுதலான விகிதத்தில் மாண்டார்கள். உடம்பின் வலிவு இதற்குக் காரணமன்று. கைதிகளிடத்தில் டாக்டர்கள் இருந்தனர். கொதிக்கவைத்த தண்ணீரன்றி வேறு குடிக்கக் கூடாதென்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தனர். மலக்குழி வெட்ட ஒழுங்கு இருந்தது. இறந்தவன் பெயரை ஒளித்துவைத்தேனும் எழுதுவோர் இருந்தனர். நம்மவரோ பிரட்டில் பெயர் கூப்பிடக் கேட்டே பழகியவர்கள். தமக்குள் ஒரு பட்டியல் எழுதிப் பழகியவர்களல்லர். கங்காணியை நீக்கிவிட்டால் அவர்களுக்கு வேறு சங்கமில்லை. இன்று காஞ்சனபுரி யுத்தக் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் வரிசைவரிசையாக அடக்கமாயிருக்கிறார்கள். அங்கே ஒரு தமிழ்ப் பெயரைத் தேடுவது வீண்வேலை.

யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்தபின் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. தொழிற்சாலை, யந்திரச் சட்டம் 1967இல். விபத்தில் சிக்கியவர்க்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969இல். சாரம், குழி, இடிப்பு வேலை முதலியவற்றுக்கான கட்டுமான விதிகள் 1986இல். தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் 1994இல். இவற்றுள் நாம் முக்கியமாய்க் கருதுவது 2024 ஜூன் முதல் தேதியில் அமுலுக்கு வந்த ஒரு திருத்தம். உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கிறதென்று நியாயமாக நம்பும் தொழிலாளி, சொல்லியும் முதலாளி அதனை நீக்காவிடில், அவ்விடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவனைத் தண்டிக்கலாகாது என்று அது விதிக்கிறது. அபிங்கர் பிரபு 1837இல் வேலையாளிடம் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்ட உரிமை, ஏட்டில் இங்கு வந்து சேர 187 ஆண்டு பிடித்தது.

அந்த உரிமையை உபயோகிக்க வேண்டியவர் யார்? 2006இல் இஸ்கந்தர் திட்டம் துவங்கியது முதல் ஜொகூரின் தென்கரை முழுவதும் கட்டட மயமாயிற்று. பழைய பாலத்துக்குச் சற்று அப்பால், 2024 ஜனவரியில், புதிய ரயிலுக்கான மேம்பாலம் நீரிணையின்மேல், நீர்மட்டத்துக்கு ஏறக்குறைய 25 மீட்டர் உயரத்தில் இரு கரைகளையும் தொட்டது. இத்தகைய வேலைத்தலங்களில் சாரத்தின்மேல் நிற்போர் வங்காள தேசத்தாரும், நேபாளத்தாரும், இந்தோனேசியரும், சில இடங்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தோருமாவர். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று லாரி ஓட்டுவோராக, யந்திரம் இயக்குவோராக, மேற்பார்வையாளராக, சிறு காண்டிராக்டராக அவர்களுக்கு மேலே இருக்கிறார்கள். அன்று நம் பாட்டனார் நின்ற இடத்தில் அவர்களும், மண்டோர் நின்ற இடத்தில் நாமும் நிற்கிறோம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

வெளிநாட்டுத் தொழிலாளர்க்கு அந்த 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்பு 2019 ஜனவரி முதற்கொண்டே கிடைத்தது. ஐம்பது ஆண்டு இடைவெளி. சட்டத்தின் வாசகம் மலாயில் இருக்கிறது. காலையில் வேலைக்கு முன் பத்து நிமிஷம் ஆபத்துகளை எடுத்துரைக்க வேண்டிய மேற்பார்வையாளர், நேபாளத்தானுக்கு விளங்கும் பாஷையில் சொல்கிறாரா, அன்றிக் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்புகிறாரா என்பதைப் பொறுத்தே அந்த வாசகத்துக்கு உயிர் உண்டு. இடுப்புவாரை மாட்டிக்கொண்டவன் அதன் கொக்கியை எங்கே பூட்டினான் என்று பார்க்கிறாரா, அல்லது வார் இருக்கிறதென்று புத்தகத்தில் குறிப்பிட்டுத் திருப்தி அடைகிறாரா என்பதும் அப்படியே. வாரை மாட்டி, கொக்கியை எங்கும் பூட்டாமல் நிற்பவன் வெறும் அலங்காரம் செய்துகொண்டவனே.

கடைசியாக ஒன்று. சாரத்திலிருந்து ‘இது ஆபத்து, நான் இறங்குகிறேன்’ என்று சொல்ல வேண்டியவனுடைய பாஸ்போர்ட்டு எவருடைய பெட்டியில் இருக்கிறது? பிறர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட்டுச் சட்டப்படி இந்நாட்டில் குற்றம். காண்டிராக்டர்களாயுள்ள நம்மவர், இந்தப் பத்திரிகையை மடித்து வைக்குமுன், தம் ஆபீஸ் பெட்டியை ஒரு முறை திறந்து பார்ப்பார்களாக.