திறைசேரியின் திறவுகோல்

மக்களாட்சி நடைபெறும் நாடுகளில், வரிப்பணத்தைச் செலவிட அனுமதி வழங்கும் உரிமை மக்களின் பிரதிநிதிகளுக்கே உரியது என்பது யாவரும் அறிந்த கோட்பாடாகும். ஆனால், செலவிடுமாறு சட்டம் ஒதுக்கிய பணத்தைச் செலவிடாது நிறுத்திவைக்கும் உரிமை எவருக்கேனும் உண்டா? ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றில் இவ்வினா மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது.

1787ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரிற் கூடி அந்நாட்டின் அரசியலமைப்பை வகுத்த அறிஞர்கள், சட்டத்தின் வழியாக ஒதுக்கப்பட்டாலன்றித் திறைசேரியிலிருந்து பணம் எடுத்தலாகாது என விதித்தனர். ஒதுக்கும் அதிகாரம் காங்கிரஸ் சபையிடம் சேர்ந்தது. சட்டங்களை உண்மையுடன் நிறைவேற்றும் கடமை சனாதிபதியைச் சார்ந்தது. எனினும், ஒதுக்கப்பட்ட தொகை வெறும் அனுமதியா, அன்றி மீறலாகாக் கட்டளையா என்பதை அவர்கள் வெளிப்படையாகக் கூறினாரல்லர்.

1803ஆம் ஆண்டில் மிசிசிப்பி ஆற்றைக் காவல் செய்யும் பீரங்கிப் படகுகளுக்கென 50,000 டொலர் ஒதுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே லூசியானாப் பிரதேசம் பிரான்சிடமிருந்து அமைதியான முறையில் விலைக்கு வாங்கப்பட்டமையால், சனாதிபதி ஜெபர்சன் அப்பணத்தைச் செலவிடாது வைத்தார். இதனை எவரும் குறைகூறவில்லை. 15 படகுகளுக்கு மேற்படலாகாது என்றே சட்டம் கூறிற்று. அதற்குக் குறைவாக வாங்குதல் சட்டத்துக்கு மாறன்று.

அக்காலத்தில் நாடு முழுவதற்குமான வரவு செலவுத் திட்டம் என ஒன்று இருக்கவில்லை. ஒவ்வொரு திணைக்களமும் தன் தேவையைத் தானே கணித்தது; திறைசேரிச் செயலாளர் அக்கணிப்புகளைத் தொகுத்துக் காங்கிரசுக்கு அனுப்பினார். முதலாம் உலகப் போரின்போது தேசியக் கடன் ஏறத்தாழ 100 கோடி டொலரிலிருந்து 2,500 கோடிக்கு மேல் ஏறிய பின்னரே இம்முறை போதாதென்பது தெளிவாயிற்று. 1921இல் நிறைவேறிய சட்டம், சனாதிபதியே ஆண்டுதோறும் முழுத் திட்டத்தையும் சமர்ப்பிக்க வேண்டுமென விதித்து, அதற்கென வரவு செலவுப் பணியகம் ஒன்றையும் நிறுவிற்று. அதே சட்டம், கணக்குகளை ஆராயும் தலைமைக் கணக்காய்வாளரைச் சனாதிபதியின் பிடிக்கு வெளியே நிறுத்தியது.

பணியகத்தின் முதற் பணிப்பாளர் சார்ள்ஸ் டோஸ் சிக்கனத்தில் உறுதிகொண்டவர். தரைப்படையிடம் துடைப்பங்கள் மிகுந்து கிடக்க, அமைப்பிற் சிறு வேறுபாடுண்டெனக் கூறிக் கடற்படை புதியவற்றை வாங்கியதை எடுத்துக்காட்டுதற்கு, 1922இல் உயர் உத்தியோகத்தர் கூட்டமொன்றில் அவர் துடைப்பங்களையே கையில் ஏந்திக் காட்டினார்.

1939இற் பணியகம் திறைசேரியிலிருந்து பிரிக்கப்பட்டுச் சனாதிபதியின் நேரடி அலுவலகத்துட் சேர்க்கப்பட்டது. ஒதுக்கப்பட்ட பணத்தைத் தவணைகளாகத் திணைக்களங்களுக்கு விடுவிக்கும் பணியும் பணியகத்திடமே இருந்தது. ஆண்டு முடியுமுன் பணம் தீர்ந்துபோகாது காப்பதே அத்தவணை முறையின் நோக்கம். ஆயினும், தவணை முறையில் விடுவிக்க வல்லவர் விடுவியாதிருக்கவும் வல்லவரன்றோ? காங்கிரஸ் சபையில் மாதக்கணக்காக வாதிட்டு நிறைவேற்றிய சட்டம், பணியகத்தின் ஏடுகளுக்கிடையே ஓசையின்றி உறங்கிவிடலாம்.

இந்நிலை சனாதிபதி நிக்சன் காலத்தில் வெளிப்பட்டது. ஒகைய்யோ மாநிலத்தின் குயகோகா ஆறு 1969இல் தீப்பற்றுமளவுக்குக் கழிவெண்ணெயால் மாசுபட்டிருந்தது. ஆறுகளைத் தூய்மைப்படுத்தவென, நகரங்களின் கழிவுநீர் நிலையங்களுக்கு மூன்றாண்டுகளில் 1,800 கோடி டொலர் வழங்கும் சட்டத்தைக் காங்கிரஸ் 1972இல் நிறைவேற்றிற்று. நிக்சன் அதனை மறுதலித்தார். மறுநாளே இரு சபைகளும் மூன்றிலிரண்டுக்கு மேற்பட்ட வாக்குகளால் அம்மறுப்பைத் தள்ளின. ஆயினும், பணவீக்கத்தைக் காரணங்காட்டி, அத்தொகையிற் பாதியை நிக்சன் விடுவிக்க மறுத்தார். சபையிற் தோற்ற மறுப்பு, இவ்வாறு அலுவலகத்தில் வெற்றிபெற்றது.

நியூயோர்க் நகரம் வழக்குத் தொடுத்தது. 1975இல் உயர் நீதிமன்றம், அச்சட்டம் சனாதிபதிக்கு அத்தகைய விருப்புரிமை வழங்கவில்லையெனத் தீர்ப்பளித்தது. அதற்கு முன்னரே, 1974 யூலையில், பதவி துறப்பதற்குச் சில வாரங்களின் முன், நிக்சனே ஒப்பமிட்ட சட்டமொன்று வழி வகுத்திருந்தது. ஓர் ஒதுக்கீட்டை நீக்க விரும்பும் சனாதிபதி அதனைக் காங்கிரசுக்கு அறிவித்தல் வேண்டும். 45 நாட் கூட்டக் காலத்துள் காங்கிரஸ் இசையாவிடின், பணத்தை விடுவித்தல் வேண்டும். சனாதிபதியின் கணக்கர்களையே நம்பியிராது, காங்கிரஸ் தனக்கென ஒரு வரவு செலவு அலுவலகத்தையும் அச்சட்டத்தின் மூலம் அமைத்துக்கொண்டது.

எனினும் இப்பிணக்கு முடிவடையவில்லை. ஒதுக்கீடுகளுட் சிலவற்றை மட்டும் நீக்கும் அதிகாரத்தைக் காங்கிரசே 1996இற் சனாதிபதிக்கு அளித்தபோது, உயர் நீதிமன்றம் 1998இல் அதனைச் செல்லாதென்றது. 2025இல், சனாதிபதி டிரம்பின் நிருவாகம் வெளிநாட்டு உதவிப் பணத்தை நிறுத்தியமையால், பழைய வினா மீண்டும் நீதிமன்றம் ஏறிற்று.

சிக்கனம் நற்பண்பே. வீண் துடைப்பங்களை வாங்காதிருத்தல் நிருவாகத் திறமை. மக்கள் மன்றம் வேண்டுமெனத் தீர்மானித்த ஒன்றை வேண்டாமென ஒதுக்குதலோ சட்டத்தையே மாற்றுதலாகும். இவ்விரண்டையும் பிரிக்கும் எல்லை மிக மெல்லியது. இன்ன தொகை, இன்ன காரியத்துக்கு, இன்ன காலத்துள் எனச் சட்டம் தெளிவுறக் கூறும்போதும், பணம் எங்கே நிற்கின்றதெனக் கணக்காய்வாளர் அஞ்சாது உரைக்கும்போதும் அவ்வெல்லை காக்கப்படுகின்றது. திறைசேரிக்குத் திறவுகோல்கள் இரண்டு: திறக்கக் கட்டளையிடுவது ஒன்று, திறப்பது மற்றொன்று. இரண்டும் ஒரு கையிற் சேராதவரையிலேயே மக்களின் பணம் மக்களுடையதாய் நிற்கும்.