ஒரு துளி இரத்தத்தின் சாட்சி

நோயை ஆயுதமாக்கும் கொடுமை மேனாட்டுக்கே உரியதென்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். ஆனால் அது நமது அயலிலேயே நிகழ்ந்து தொண்ணூறாண்டுகள் கடந்துவிட்டன. 1933 நவம்பர் 26ஆம் நாள், கல்கத்தாவை அடுத்த ஹௌரா புகைவண்டி நிலையத்தில், பாக்கூர் சமீன்தார் குடும்பத்து இளைஞர் அமரேந்திர சந்திர பாண்டேயின் கையில் ஒருவன் கூர்முனையொன்றாற் குத்தி மறைந்தான். எட்டு நாளில் அவர் மாண்டார். அவரது இரத்தத்தைப் பரிசோதித்தபோது பிளேக் கிருமி காணப்பட்டது. சொத்துக்காக மாற்றாந்தாய் வயிற்று அண்ணன் வினயேந்திரனும், அவனுக்குத் துணைநின்ற வைத்தியனொருவனும் செய்த சதி அம்பலமாயிற்று. நோய் தீர்க்கப் பிறந்த விஞ்ஞானத்தைச் சொத்துவெறி கொலைக்கருவியாக்கிற்று; அதே விஞ்ஞானம் சாட்சியும் சொல்லிற்று.

அந்தச் சாட்சி பிழைத்தால் என்ன நேரும்? 1984இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலுள்ள த டாலஸ் நகரில் 751 பேர் நோயுற்றனர். உள்ளூர்த் தேர்தலைத் தம்வசமாக்க எண்ணிய ரஜனீசின் சீடர்கள் உணவகங்களின் காய்கறிக் கலவையிற் சல்மோனெல்லாக் கிருமியைக் கலந்திருந்தனர். முதல் விசாரணையோ உணவகத் தொழிலாளரின் சுத்தக்குறைவே காரணமென்றது. உண்மை வெளிவர ஓராண்டு சென்றது. ஆயத்தமில்லாத சமூகத்திற் பழி எளியவன் தலையிலேயே விழுகின்றது.

சதிகாரன் எவனும் இல்லாமலே நமது நாடு பட்டதும் உண்டு. 1934-35இல் மழை பொய்த்தது, ஆறுகள் குட்டைகளாகத் தேங்கின, நுளம்பு பெருகிற்று. பசியால் மெலிந்த கிராமத்தவர் உட்பட ஏறக்குறைய 80,000 பேரை மலேரியா கொண்டுபோயிற்று. பின்னர் டி.டி.ரி. தெளிப்பும் இரத்தப் பரிசோதனையும் நோயை அடக்கின. 1963இல் நாடெங்கும் பதிவான நோயாளர் 17 பேரே. வென்றுவிட்டோமென்று காவலைத் தளர்த்தினோம். 1968-69இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் நோயுற்றனர். காவலைக் கலைத்த சமூகத்தைத் தாக்கப் பயங்கரவாதி தேவையில்லை.

மட்டக்களப்பு வாவிக்கரை மக்கள் இதன் மறுபக்கத்தையும் கண்டவர்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் சிதைத்தபின், அகதி முகாம்களிற் கொள்ளைநோய் மூளுமென்று உலகமே அஞ்சிற்று. மூளவில்லை. கிணறுகளை இறைத்துக் குளோரின் இட்டவர்களும், முகாம் முகாமாகச் சென்ற மருத்துவமாதரும், சுகாதாரப் பரிசோதகரும் அதனைத் தடுத்தவர்களுள் முன்னிற்பவர்கள். போர்க்காலத்திலும் கைவிடப்படாத மலேரியாத் தடுப்புப் பணியின் பயனாகவே, 2016இல் இலங்கை மலேரியாவற்ற நாடென்ற சான்றைப் பெற்றது.

உயிரியற் பயங்கரவாதத்துக்கு எதிரான ஆயத்தமும் இங்கேதான் தொடங்குகின்றது. ஓர் ஊரில் இனந்தெரியாத காய்ச்சல் பத்துப்பேருக்குக் கண்டால், அன்றே இரத்தமெடுத்துச் சோதித்து அறிவிக்க ஆளும் ஆய்வுகூடமும் அருகில் இருத்தல் வேண்டும். கிருமியை ஏவியது மனிதனா, இயற்கையா என்பது பின்னர் தெளியலாம். முதற் காவல் இரண்டுக்கும் ஒன்றே. அந்தக் காவலர்களின் தொகையையும் ஊதியத்தையும் குறைக்கும் வரவுசெலவுத் திட்டம் எந்த அரசினதாயினும், அதனைத் தட்டிக்கேட்பது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய கடமையாகும்.