வடக்கிருத்தலும் சல்லேகனையும்: கோப்பெருஞ்சோழன் பாடல்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

உண்ணாதிருந்து உயிர் துறக்கும் வழக்கம் சங்க இலக்கியத்தில் வடக்கிருத்தல் எனவும், சமண மரபில் சல்லேகனை எனவும் வழங்கப்பெறுகிறது. புறத்தோற்றத்தில் ஒன்றுபோல் அமைந்த இவ்விரண்டையும் ஒன்றெனவே கொள்வாரும் உளர். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததைச் சார்ந்த புறநானூற்றுப் பாடல்களைக் கொண்டு, இன்பம், துன்பம், சாவு ஆகியவை குறித்த நோக்கில் இவ்விரு மரபுகளும் எங்கே பிரிகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வடக்கிருத்தல், சல்லேகனை, கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார், நட்பு, நடுகல்

முன்னுரை

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்ட பாறை ஒன்று உள்ளது. அக்குன்றின் கல்வெட்டொன்று, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடம் அதுவெனக் குறிக்கிறது. தமிழெழுத்து வட்டெழுத்தாக மாறிவரும் நிலையைக் காட்டுவதால் எழுத்தியல் அறிஞர்கள் பெரிதும் எடுத்துக்காட்டும் கல்வெட்டு இது. அங்கேயே உள்ள பிற்காலக் கல்வெட்டொன்று இளைய பட்டாரர் என்பவர் 30 நாள் நோற்றதைச் சொல்கிறது. பெயரும் நாட்கணக்குமே இவற்றின் செய்தி. உடனிருந்தார் யார், பிரிவால் வருந்தினார் யார் என்பதற்கு அங்கே இடமில்லை.

இதற்கு நேர்மாறாக, உறையூர்ச் சோழன் ஒருவனின் சாவைச் சுற்றிப் புறநானூற்றில் 213 முதல் 223 வரை பதினொரு பாடல்கள் தொடர்ந்து நிற்கின்றன. செத்தவனும் பேசுகிறான்; அவனோடு சாக வந்தவர், சாக இயலாமற் போனவர், கண்டு வியந்தவர் ஆகியோரைப் பற்றியும் அறிகிறோம். இப்பாடல்களின் கீழுள்ள கொளுக்கள் தொகுத்தோர் காலத்தவை என்பதால் அவற்றை எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். ஆயினும், இக்கட்டுரையின் வாதம் பெரும்பாலும் பாடல்களுக்குள்ளேயே கிடைக்கும் சான்றுகளின் மேல் நிற்பது.

அரசனின் அளவை

தன் மக்கள் இருவர் தன்மேல் போருக்கு எழ, சோழனும் அவர்மேற் செல்லத் துணிந்தான். புல்லாற்றூர் எயிற்றியனார் அவனைத் தடுத்தார், உனக்குப்பின் இந்நாடு அவர்க்கே உரியதன்றோ, அவர் தோற்றால் யாருக்கு விட்டுச் செல்வாய் என்பது அவர் வினா (புறம். 213). சோழன் போரை விடுத்து வடக்கிருந்தான். அப்போது அவன் பாடியதாக உள்ள 214ஆம் பாடல் தமிழ்ச் சிந்தனை வரலாற்றில் இன்னும் கூடுதலான கவனத்துக்கு உரியது.

நல்வினை செய்வோமா வேண்டாவா என ஐயுற்று நிற்பாரை நோக்கி அவன் பேசுகிறான். யானை வேட்டைக்குச் சென்றவன் யானையைப் பெறவும் கூடும்; குறும்பூழ் வேட்டைக்குச் சென்றவன் வெறுங்கையோடு திரும்பவும் கூடும்; ஆகவே உயர்ந்ததையே நாடுக என்கிறான். பின்னர் மூன்று படிகளை அடுக்குகிறான். நல்வினைக்குப் பயன் உண்டாயின் மேலுலக இன்பம் கிட்டலாம். அவ்வின்பம் இல்லையெனின் மறுபிறப்பு இல்லாமற் போகலாம். மறுபிறப்பே இல்லையென்றாலும், இமயத்தின் சிகரம் போல் உயர்ந்த புகழை நட்டுவிட்டுக் குற்றமற்ற உடம்போடு மறைவது மிகச் சிறந்தது.

மறுமை உண்டா என்னும் வினாவுக்கு இங்கே விடை கூறப்படவில்லை. விடை எதுவாயினும் தன் முடிவு பிழையாகாதபடி அரசன் அதனை அமைத்துக்கொள்கிறான். கடைசிப் படி எந்தச் சமயக் கொள்கையையும் வேண்டுவதன்று. மனிதர் நினைவு ஒன்றே அதற்குப் போதும். மறுபிறப்பின்மை பற்றிய பேச்சு சமணச் சார்பைக் காட்டுவதாகக் கொள்ளலாம். மாங்குளம், புகழூர்த் தமிழிக் கல்வெட்டுகள் சமணத் துறவியர் அக்காலத்தே இங்கிருந்தமைக்குச் சான்று. அவர் கருத்துகள் அரசவையை எட்டியிருக்கலாம். ஆனால் ஒரு கருத்தைக் கேட்டறிந்து அதனைப் பல வாய்ப்புகளுள் ஒன்றாக வைத்து எண்ணுவது வேறு, அதனை நம்பி நோன்பு கொள்வது வேறு.

நட்பு: பேறா, குற்றமா?

சல்லேகனைக்குச் சமண நூல்கள் வகுத்த விதிகளை இங்கே ஒப்பிடுதல் தகும். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் அந்நோன்பைக் கெடுக்கும் குற்றங்கள் ஐந்தைக் கூறுகிறது. வாழ ஆசைப்படுதல், விரைவில் சாக ஆசைப்படுதல், நண்பர்மேல் பற்று, பண்டை இன்பங்களை நினைத்தல், நோன்பின் பயனாக ஒன்றை வேண்டுதல் என்பன அவை. அருங்கலச்செப்புக்கு மூலமான சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும் நண்பரை நினைத்தலைக் குற்றமாகவே எண்ணுகிறது. இந்நூல்களின் காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. சங்கப் பாடலை அவற்றின் அளவுகோலால் அளந்து குறைகூறுவது முறையன்று. எனினும், ஒரு மரபு எதை விலக்கியது என்பதைக் கொண்டு அதன் உள்ளத்தை அறியலாம்.

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த இடத்தில் செய்தது, நண்பனுக்கு இடம் ஒதுக்கச் சொன்னதே. பாண்டிநாட்டுப் பிசிரூரில் வாழும் ஆந்தையாரை அவன் கண்டதேயில்லை. செல்வக் காலத்தில் வாராதிருப்பினும் அல்லற் காலத்தில் அவர் வாராதிரார் என்கிறான் (புறம். 215). தம் பெயரைக் கேட்போர்க்குச் சோழன் பெயரையே தம் பெயராகக் கூறுபவர் அவர் என்றும் சொல்கிறான் (புறம். 216). ஆந்தையார் வந்தார். வருவார் என்று இவன் சொன்னதும், சொன்னபடி அவர் வந்ததும் பொத்தியாருக்குப் பெருவியப்பாகின்றன (புறம். 217). சமண நூலார் கண்ணில் இந்தக் காத்திருப்பு நண்பர்மேற் பற்று. புகழை நட்டுச் செல்லும் விருப்பமோ பயன் வேண்டுதல். அவர்கள் களையச் சொன்ன இவ்விரண்டுமே சோழனின் சாவுக்குப் பொருள் தருகின்றன. பிற்காலத்தாரும் இதனை அவ்வாறே நினைவிற் கொண்டனர். பரிமேலழகர் இவ்விருவரையும் எடுத்துக்காட்டுவது தவம் பற்றிய அதிகாரத்தில் அன்று. நட்பதிகாரத்தின் 785ஆம் குறள் உரையில்.

துன்பம் தாங்காத சாவா?

வடக்கிருத்தலை மானம் என்ற ஒரு சொல்லால் விளக்கிவிடுவது வழக்கம். வெண்ணிப் போரில் முதுகிற் புண்பட்டு நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனுக்கு (புறம். 65) அது பொருந்தும். வென்ற கரிகாலனை நோக்கியே, உன்னினும் அவன் நல்லன் அல்லனோ என்று கேட்ட வெண்ணிக் குயத்தியார் (புறம். 66) வெற்றியின் பொருளையே மாற்றிவிடுகிறார். ஆனால் பிசிராந்தையாருக்கு எந்த இழிவும் நேரவில்லை. ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமைக்கு அவர் கூறும் காரணங்கள் 191ஆம் பாடலில் உள்ளன: மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறியும் ஏவலர், அல்லவை செய்யாது காக்கும் வேந்தன், தம் ஊரில் வாழும் அடங்கிய சான்றோர். இன்பத்தை உடைமையில் தேடாது உறவிலும் ஊரிலும் காணும் இப்பட்டியலைத் தமிழில் இன்ப வாழ்வுக்குக் கிடைத்த மிகத் தெளிவான வரைவிலக்கணம் என்றே நான் கருதுகிறேன். கொளுவை ஏற்றுக்கொண்டால், சாக வந்த இடத்தில் சான்றோர் வினவ அவர் கூறிய விடை அது. உலகத்தை வெறுத்தவர் கூறும் விடை அன்று.

அண்மைக் காலத்தில் இவ்வினா நீதிமன்றத்துக்கும் சென்றது. 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சந்தாரா நோன்பைத் தற்கொலைக் குற்றத்துள் அடக்கியது. அதே மாத இறுதியில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. பற்றறுத்தலே நோன்பின் உயிர் என்பது சமணர் தரப்பு. அவர்க்குத் துணையாகத் தமிழ்ச் சான்று காட்ட விரும்புவோர், பற்றை இறுகப் பிடித்துக்கொண்டே இறந்த சோழனைச் சான்றாக்குவதற்கு முன் சற்றுத் தயங்குதல் நன்று.

பொத்தியார் கேட்ட இடம்

இத்தொடரில் என்னை நெடுநேரம் நிறுத்துபவர் பொத்தியார். அவரும் உடன் சாக விரும்பினார். மகன் பிறந்த பின் வா என்று அரசன் அவரைத் திருப்பி அனுப்பினான். சாவுக்குத் துணை தேடியவனே பிறக்கவிருக்கும் குழந்தையை முன்னிட்டு ஒருவரைச் சாவினின்று விலக்குகிறான். உறையூருக்குத் திரும்பிய பொத்தியார், நெடுங்காலம் சோறூட்டி வளர்த்த யானையை இழந்து வெறுங்கம்பத்தைக் கண்டு அழும் பாகனைப் போல, அரசனில்லா மன்றத்தைக் கண்டு கலங்குகிறார் (புறம். 220).

மகன் பிறந்தபின் அவர் மீண்டும் வந்தபோது சோழன் நடுகல்லாகிவிட்டான். திருநாதர்குன்றின் கல்லைப் படிக்கத்தான் முடியும். இந்தக் கல்லோடு பொத்தியார் உரையாடுகிறார். மகன் பிறந்தபின் வா என்றாயே, எனக்குரிய இடம் எது என்று கல்லைக் கேட்கிறார் (புறம். 222). அடுத்த பாடலில், நடுகல்லாகிய பின்னும் அவன் தமக்கு இடம் அளித்துவிட்டதாகச் சொல்கிறார்.