முடுகும் முடுக்கமும்

'முடுக்கம்' என்னும் இயற்பியல் கலைச்சொல் 'முடுக்கு' என்ற வினையிலிருந்து பிறந்தது. முடுகுதல் தானே விரைதல். முடுக்குதல் பிறிதொன்றை விரையச் செய்தல். பெருகு–பெருக்கு, உருகு–உருக்கு என வரும் தன்வினை, பிறவினை இணைகளில் இதுவும் ஒன்று. மாட்டை முடுக்குவதும் ஆளை வேலைக்கு முடுக்கிவிடுவதும் இன்றும் வழக்கில் உண்டு. மூலைமுடுக்கு என்பதில் உள்ள முடுக்கு குறுகிய சந்தைக் குறிக்கும் பெயர். அதன் பொருள் வேறு.

யாப்பிலக்கணத்தில் முடுகு என்ற சொல்லுக்குப் பழைய இடம் உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 20 வண்ணங்களில், அதாவது ஓசை வகைகளில், கடைசியாக நிற்பது முடுகு வண்ணம். அடியின் அளவைக் கடந்து உருண்டோடும் ஓசையை அது குறிக்கிறது. பிற்காலச் சந்தப் பாடல்களில் விரைந்த நடைக்கே முடுகு என்று பெயர். இந்த வழக்குகள் அனைத்திலும் சொல் குறிப்பது விரைவை. அந்த விரைவு கூடுகிறதா, கூடினால் எந்த அளவில் கூடுகிறது என்ற கேள்வி அங்கே எழவில்லை.

இயற்பியலுக்கு வேண்டியது அந்தக் கேள்விக்கான விடை. நேர்ப்பாதையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் மாறாமல் ஓடும் ரயிலின் முடுக்கம் சுழி. நிலையத்தை விட்டு அப்போதுதான் நகரும் ரயிலுக்கு வேகம் மிகக் குறைவு, முடுக்கம் உண்டு. ஒரு நொடியில் வேகம் எவ்வளவு மாறுகிறதோ அதுவே முடுக்கம். ஒவ்வொரு நொடியிலும் அந்த மாற்றம் ஒரே அளவாக இருந்தால் அது சீரான முடுக்கம்.

இந்தக் கருத்து தெளிவடைய ஐரோப்பாவில் முந்நூறு ஆண்டுகள் ஆயின. 14ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் இதை 'சீராகச் சீர்மாறும் இயக்கம்' என்று பொருள்படும் லத்தீன் தொடரால் அழைத்தனர். ஓய்விலிருந்து சீராக வேகம் கூடும் பொருள், தன் இறுதி வேகத்தில் பாதியை மாறாமல் கொண்டு அதே நேரம் செல்லும் பொருள் கடக்கும் தொலைவையே கடக்கும் என்பது அவர்கள் கண்ட தேற்றம். பிரான்சின் நிக்கோல் ஒரேம் அதை வரைபடமாக்கினார்: காலம் அடிப்பக்கம், வேகம் உயரம், கடந்த தொலைவு முக்கோணத்தின் பரப்பு.

விழும் பொருளுக்கு இதை உறுதியாகப் பொருத்தியவர் கலிலியோ. 1604இல் பாவ்லோ சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில், வேகம் விழுந்த தொலைவுக்கு ஏற்பக் கூடுகிறது என்றே அவர் கருதினார். 1638இல் லெய்டன் நகரில் வெளியான 'இரு புதிய அறிவியல்கள்' நூலில் அதைக் கைவிட்டு, சமமான காலங்களில் வேகம் சமமாகக் கூடுகிறது என வரையறுத்தார். சாய்தளப் பள்ளத்தில் வெண்கலக் குண்டை உருட்டி, சிறு குழாய் வழியே ஒழுகிய நீரை நிறுத்து நேரத்தை அளந்தார். அடுத்தடுத்த சம காலங்களில் கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் அமையும் என்று காட்டினார்.

புவிப்பரப்பருகே விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு ஏறக்குறைய 9.8 மீட்டர் கூடுகிறது. காற்றின் தடையைக் கருதாவிட்டால், விடுபட்ட கல் முதல் நொடியில் 4.9 மீட்டரும், இரண்டாம் நொடியில் 14.7 மீட்டரும், மூன்றாம் நொடியில் 24.5 மீட்டரும் விழும். மூன்றும் சேர்ந்து 44.1 மீட்டர். அதன் இறுதி வேகம் நொடிக்கு 29.4 மீட்டர், அதில் பாதியை மூன்றால் பெருக்கினாலும் அதே 44.1 கிடைக்கும். மெர்ட்டன் தேற்றம் சொல்வது இதுதான்.

வேகம் ஏன் கூடுகிறது என்ற காரணத்தை ஆராயும் இடம் இதுவன்று எனக் கலிலியோ அந்நூலில் ஒதுக்கினார். காரணத்தைத் தந்தது 1687இல் வெளியான நியூட்டனின் 'பிரின்சிப்பியா'. நிறை மாறாத பொருளின் மீது செயல்படும் விசை மாறாதிருந்தால் முடுக்கமும் மாறாது. தரையருகே எடை ஏறக்குறைய மாறாததால்தான் வீழ்ச்சி சீராக முடுகுகிறது.

தமிழில் இக்கருத்துக்கு இரண்டு சொற்கள் நிலைத்தன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பிறவினை வழியே 'முடுக்கம்' என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் தன்வினை வழியே 'ஆர்முடுகல்' என்கின்றன. வேகம் குறைவது அங்கே 'அமர்முடுகல்'. ஆர்தல் நிறைதலையும் அமர்தல் அடங்குதலையும் குறிக்கும் வினைகள். இயக்கத்தை மட்டும் விவரித்த கலிலியோவின் நோக்குக்கு முடுகலும், விசையைக் காரணமாகக் காட்டிய நியூட்டனின் நோக்குக்கு முடுக்கமும் இயல்பாகப் பொருந்துகின்றன.

கலைச்சொல்லான பின் முடுக்கத்தின் பொருள் விரிந்தும் இருக்கிறது. பேச்சு வழக்கில் முடுக்குவது விரையச் செய்வது மட்டுமே. இயற்பியலில் வேகம் குறைவதும் முடுக்கமே. தமிழ்நாட்டில் அதை 'எதிர்முடுக்கம்' என்பர். வேகம் மாறாமல் வளைவில் திரும்பும் வண்டிக்கும் முடுக்கம் உண்டு, ஏனெனில் அதன் திசை மாறுகிறது. ஆகவே தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முடுக்கத்தை 'திசைவேகம் மாறும் வீதம்' என்று வரையறுக்கின்றன. சீரான முடுக்கம் என்பதற்கு அந்த மாற்றத்தின் அளவும் திசையும் மாறாதிருக்க வேண்டும்.