யார் சமைத்த சோறு?

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கத்துத் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க ஓர் அருந்ததியர் பெண் மாற்றலாகி வந்தார். அவர் உலை வைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று ஊரில் சிலர் மறித்தார்கள். அதிகாரிகள் அவரை வேறு பள்ளிக்கு அனுப்பினார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். விவகாரம் வழக்காகி நீதிமன்றத்துக்குப் போனது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதில் அங்கே ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. அடுப்பில் நிற்கும் கை யாருடையது என்பதில்தான் எல்லாம் நின்றது.

ஈரோடு மாவட்டத்து அந்தியூரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் நடந்த இந்தச் சங்கதிக்கு வேதாகமத்தில் ஒரு பழைய முன்கதை உண்டு. ஊரின் பெயரும் காதுக்குப் பழகியதுபோல் ஒலிக்கும்: அந்தியோகியா. முதல் நூற்றாண்டின் நடுவில் அங்கே யூதரும் யூதரல்லாதவரும் ஒரே சபையாகி, ஒன்றாக உட்கார்ந்து உண்டார்கள். பேதுருவும் அவர்களோடு உண்டார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் இதைச் சொல்கிறது. திருச்சபையின் முதல் பெரிய சண்டைகளுள் ஒன்று சாப்பாட்டு இடத்தில் வந்திருக்கிறது.

தமிழில் வேதாகமத்தைப் பெயர்த்தவர்கள் உண்ண உட்காருவதைப் 'பந்தியிருத்தல்' என்று எழுதினார்கள். தமிழனுக்கு அது வெறும் சொல் அன்று. கொங்குநாட்டுக் கல்யாணத்தில் தாலி ஏறியதும் எழும் முதல் கேள்வியே 'பந்தி போட்டாச்சுங்களா?' என்பதுதான். முதல் பந்தியில் யார், கடைசிப் பந்தியில் யார், இலையே போடாமல் யாருக்குப் பாத்திரத்தில் வாங்கிப் போகச் சொல்வது என்பதெல்லாம் சொல்லாமலே தெரிந்திருந்த காலம் நெடுநாள் இருந்தது. பண்ணயத்து ஆளுக்குச் சோறு வாசலுக்கு வெளியேதான். அந்த வாசலில் நின்று கலாத்தியர் நிருபத்தைப் படித்தால் என்ன ஆகும் என்பதே தமிழ்க் கிறிஸ்தவத்தின் நானூறு ஆண்டுக் கதை.

கதை மதுரையில், ஒரே சபையைச் சேர்ந்த இரண்டு குருமாரிடமிருந்து தொடங்குகிறது. 1606-இல் அங்கே வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி காவியுடுத்தித் தனி வீட்டில் குடியேறினார். பிராமணர் சமைக்க, சோறும் காய்கறியும் பாலுமாக ஒருவேளை மட்டும் உண்டார். அவருக்கு முன்பே மதுரையில் பரதவர்களிடையே பணி செய்துவந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் அதே இயேசு சபைதான். ஆனால் ஊர் கண்ணில் அவர் பரங்கி. இருவரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வழியில்லாமல் போயிற்று. பெர்னாண்டஸ் மேலிடத்துக்கு முறையிட்டார். பூணூலும் குடுமியும் சந்தனமும் ஊர் வழக்கமே, சமயத்தின் அடையாளம் அல்ல என்பது நோபிலியின் வாதம். 1623 ஜனவரி 31-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அதை ஏற்றார். உயர்குலத்தார் எளியவரை இகழக் கூடாது என்ற வேண்டுகோளையும் அதே ஆணையில் சேர்த்தார்.

அதே ஆண்டில் நோபிலி வடக்கே புறப்பட்டு நாமக்கல் பக்கத்துச் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். பின்னால் சத்தியமங்கலத்திலும் மிஷன் வேரூன்றியது. சந்நியாசிக் குரு எல்லாருடனும் பழக முடியாது என்பதால் 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற இரண்டாம் வகைக் குருமார் வந்தார்கள். பல்தசார் தா கோஸ்தா அவர்களில் முதல்வர். உயர்சாதிக்கு ஒரு குரு, மற்றவர்க்கு ஒரு குரு. நோபிலியின் தமிழையும் தவத்தையும் மதிக்காமல் இருக்க முடியாது. ஆனாலும் அந்த ஏற்பாட்டில் அந்தியோகியாவின் பேதுருதான் ஜெயித்தார் என்றே சொல்ல வேண்டும்.

ரோமுக்கும் உறுத்தல் இருந்தது. 1703-இல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன், அடுத்த ஆண்டு, நோயுற்ற பறையர் வீட்டுக்குள் குரு நுழைந்தே அருட்சாதனம் தர வேண்டும் என்று ஆணையிட்டார். நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பின் 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் கண்ட தீர்வு, ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்றே தனிக் குருமாரை ஏற்படுத்துவது.

சீர்திருத்த சபைகளில் இந்தப் பிணக்கு கிண்ணத்தில் வெடித்தது. நற்கருணையில் ஒரே கிண்ணம் வாய் மாறி வாய் போகும். யாருக்குப் பின் யார் குடிப்பது? 1833 ஜூலையில் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தமிழ்ச் சபைகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தார்: சாதி வேறுபாடு உடனே, அடியோடு ஒழிய வேண்டும், ஒன்றாக உட்கார வேண்டும், வேறுபாடில்லாமல் நற்கருணை பெற வேண்டும். தஞ்சாவூர்ச் சபை பிளந்தது. எதிர்த்து நின்றவர்களில் தலையானவர் சாதாரண ஆள் அல்லர். மிஷனரி சுவார்ட்சின் மாணவர், 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய வேதநாயக சாஸ்திரியார். 1829-இலேயே 'சாதியாசாரத்தின் பாவனை' எழுதியவர் அவர். சாதி உலக வழக்கம், விசுவாசத்தைத் தொடாதது என்ற அவர் தரப்பின் வாதம் நோபிலியின் பழைய வாதத்துக்கு நெருங்கிய உறவு.

அவரை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. அன்றைய ஐரோப்பியர் தங்கள் குதிரைக்காரனையோ சமையல்காரனையோ சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்தார்களா? வைக்கவில்லை. தன் வீட்டில் செய்யாததைச் சபையில் ஆணையாகப் போட்டபோது அது அடுத்தவன் மேல் சுமத்தப்பட்ட பாரமாகவே தெரிந்தது. ஆனால் கிண்ணத்துக்காகக் கடைசியில் நின்றவனின் வாய் வழியாக அந்த வாதத்தைக் கேட்டால் அதன் கனம் முழுவதும் கரைந்துபோகிறது.

1850-இல் சென்னை மிஷனரி மாநாட்டின் தீர்மானம் ஒரு படி ஆழமாகப் போனது. சேர்ந்து உட்கார்ந்தால் மட்டும் போதாது, யார் சமைத்ததையும் உண்ண ஆயத்தமாக இருப்பவனே சாதியை விட்டவன் என்று அது வகுத்தது. கலாத்தியர் நிருபம் சமையலறைக்குள் நுழைந்த தருணம் இது. சேலத்தில் 1827 முதலும் கோவையில் 1830 முதலும் வேலை செய்துவந்த இலண்டன் மிஷனும் சாதியை விடாமல் எதிர்த்த கூட்டமே. ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் மட்டும் பொறுமையாகப் போதித்து மாற்றலாம் என்று விலகி நின்றது; பிற சபைகளில் மனம் கசந்த உயர்சாதியார் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சேலம், கோவை மாவட்டங்கள் கடுமையாக வாடின. நிவாரண முகாமில் பொதுவாகச் சமைத்த சோற்றைத் தொடத் தயங்கியவர்கள் அந்தப் பட்டினியிலும் இருந்தார்கள். சமைத்த கையைக் குறித்த அச்சம் எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆணையால் முடியாததை வாழ்ந்து காட்டியவர்களும் உண்டு. 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் திருநெல்வேலிக்காரர் வே. ச. அசரியா எழுந்து, வெள்ளைக்கார மிஷனரிகளிடம் தியாகம் இருக்கிறது, சமமான நட்பு இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். பவுல் செய்த அதே காரியம். பதினொரு ஆண்டு கழித்து, 1921-இல், திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் பிறந்தது. நிறுவியவர்கள் இரண்டு மருத்துவர்கள்: தமிழர் ச. யேசுதாசன், ஸ்காட்லாந்துக்காரர் எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டன். கதர் உடுத்தினார்கள், ஒரே கூரையின் கீழ் நம்மூர்ச் சாப்பாட்டை ஒன்றாக உண்டார்கள். சுற்றுவட்டாரம் யேசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் அழைத்தது. வெள்ளைக்காரர் சின்னவர்! ஆட்சி வெள்ளையர் கையில் இருந்த நாளில் அந்த இரண்டு உறவுச் சொற்கள் செய்த வேலை பெரிது. சட்டமறுப்புக் காலத்தில், 1932-இல், சென்னைத் தெருவில் கதரோடு நின்ற பேட்டன் போலீசாரிடம் அடியும் வாங்கினார்.

அடுத்த திருப்பம் பாட்டில் வந்தது. மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, மாணவர்களுக்குப் 'பரட்டை அண்ணன்', நாட்டுப்புற மெட்டில் வழிபாடு அமைத்தார். அவர் இறையியலின் நடுவில் இருந்தது 'ஒரு உலை' என்ற எண்ணம். அவரவர் வீட்டில் சமைத்து எடுத்துவந்து பக்கத்தில் உட்காருவது போதாது. அரிசி ஒரே பானையில் சேர வேண்டும். கொரிந்து சபையில் வசதியுள்ளவர் தம் சாப்பாட்டை முந்திக்கொண்டு உண்ண, இல்லாதவர் பசித்திருந்தார்கள் என்று பவுல் கடிந்தாரே, அதற்குத் தமிழ்நாட்டுச் சேரியிலிருந்து எழுந்த மிகக் கூர்மையான உரை இதுதான். பந்தியைப் பற்றி மூன்று நூற்றாண்டு வாதாடியவர்கள் உலையை இவ்வளவு நேராகப் பார்க்கவில்லை.

தென்மாவட்டச் சபைகளின் அசன விருந்தில் இந்த எண்ணத்தின் பழைய உருவம் ஒன்றைக் காணலாம். பண்டிகை நெருங்கும்போது அரிசியும் காணிக்கையும் வீடு வீடாக வந்து சேரும். பெரிய வட்டாக்களில் அரிசி கொட்டப்பட்டபின் எது யார் வீட்டுப் பங்கு என்று பிரிக்க முடியாது. அகப்பை தூக்கவே இரண்டு கை வேண்டும். வெந்த சோறு பாயில் ஆவி பறக்கக் குவியும், ஊரே உட்காரும்.

ஆனால் பங்கை வாங்க மறுக்கும் இடங்களும் இன்றுவரை உண்டு. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தனிப் பங்குக்கோயில் கேட்ட தலித் கத்தோலிக்கர்களுக்கும் சாதிக் கத்தோலிக்கர்களுக்கும் இடையே மூண்ட மோதல் துப்பாக்கிச் சூடுவரை போய் உயிர்களைக் குடித்தது. கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த, திருச்சி மாவட்டத்துக் கோட்டப்பாளையம் பங்கின் தலித் கிறிஸ்தவர்களின் வழக்கு 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. தேர் தங்கள் தெருவுக்கு வருவதில்லை, கல்லறை தனி என்று அவர்கள் முறையிடுகிறார்கள். மகதலா மரியாள் திருவிழாவுக்குத் தங்களிடம் வரி வாங்குவதில்லை என்பதும் அந்த முறையீட்டில் ஒன்று.